ஆங்கிலப் பேச்சுத் தேர்வும் நம் ஊர்க் கட்டடங்களும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் மாலை, மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, நம் கல்விச் சங்கத்தின் நிர்வாகக் குழுப் பெரியோர்களே, பகல் முழுதும் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் உழைத்துவிட்டு, கால் கழுவிய ஈரம் காயுமுன் இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே, மாணவச் செல்வங்களே! 

கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசும்படியே நம்மை முதலில் பணித்தார்கள். அரை வயிறு உண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய உங்களுக்குக் கல்வியின் பெருமையை நாம் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகவே செயலாளர் அவர்களின் இசைவு பெற்றுச் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஆங்கிலப் பேச்சுத் தேர்வில், ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசு என்றதும் நம் பிள்ளைகள் ஏன் வாயடைத்து நிற்கிறார்கள் என்பதே அது.

அயல்நாட்டில் மேற்படிப்புக்கும் செவிலியர் பணிக்கும் செல்ல விரும்புவோர் பலர் ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் தேர்வை எழுதுகின்றனர். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற இத்தேர்வின் வழியே செல்வோர், 9 புள்ளி கொண்ட அளவுகோலில் பேச்சுக்கு 7 பெற்றாக வேண்டும். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும். அதன் நடுப்பகுதியில் தேர்வாளர் ஒரு சீட்டைக் கொடுப்பார். சிந்திக்க ஒரு நிமிடம். பின்னர் ஒன்றிரண்டு நிமிடம் இடைவிடாது பேச வேண்டும். அச்சீட்டில் வரக்கூடிய பொருள்களுள் ஒன்று, உனக்குப் பிடித்த கட்டடம் எது, எங்கே இருக்கிறது, எவ்வாறு தோன்றும், ஏன் பிடித்தது என்பதாகும்.

சென்ற ஆண்டு நம் மாலை வகுப்பில் செவிலியர் படிப்பு முடித்த பெண் ஒருத்திக்கு இச்சீட்டைக் கொடுத்தோம். அவள் தாஜ்மகாலைத் தேர்ந்தாள். வெள்ளைச் சலவைக்கல், யமுனைக் கரை, ஷாஜகான், மும்தாஜ், உலக அதிசயம் என்று அரை நிமிடம் வண்டி ஓடியது. பின்னர் அச்சு முறிந்ததுபோல் நின்றுவிட்டது. அவள் ஆக்ராவுக்குப் போனவள் அல்லள். நாட்காட்டிப் படத்தில் கண்டதை எவ்வளவு நேரந்தான் சொல்வாள்? தாஜ்மகாலை நாம் குறை கூறவில்லை. அதைப் பார்த்தவர்கள் பேசட்டும்.

தேர்வாளர் மதிப்பெண் இடும் முறையை அறிந்தால் இவ்வச்சம் பாதி நீங்கும். தடையின்றிக் கோவையாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கையும் அவர் சமமாக எடையிடுகிறார். கட்டடம் பெரியதா சிறியதா, புகழ் பெற்றதா இல்லையா என்பதற்கு அந்தத் தராசில் தட்டே இல்லை. சிற்பக் கலைச் சொற்களை மனப்பாடம் செய்து வருபவனைவிட, தான் நாள்தோறும் ஏறி இறங்கும் படிக்கட்டை ஒழுங்காக விவரிப்பவன் நன்றாகப் பேசுவான்.

நம் வட்டாரத்துப் பிள்ளைக்குக் கண்ணெதிரே வேலூர்க் கோட்டை இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு உட்பட்ட நாயக்கர் காலத்தில் எழுந்த கருங்கல் கோட்டை, 133 ஏக்கர், சுற்றிலும் அகழி. உள்ளே சலகண்டேசுவரர் கோயிலும், ஒரு மசூதியும், 1846-இல் கட்டிய புனித ஜான் தேவாலயமும் உள்ளன. 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம் இது. அந்தக் கோயிலில் நெடுங்காலம் வழிபாடே நடக்கவில்லை. 1981-இல்தான் மூலவர் மீண்டும் உள்ளே வந்தார். இவ்வளவு செய்தி கையிலிருக்க, ஆம்பூரிலிருந்து ஒரு பஸ் பயணத் தொலைவில் இருப்பதை விட்டுவிட்டு ஆக்ராவுக்கு ஏன் ஓட வேண்டும்?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. கோட்டை என்பதற்கான ஆங்கிலச் சொல் 'ஃபோர்ட்'. மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். நம்மவர் பலர் 'போர்ட்' என்கின்றனர், அது துறைமுகம். பாலாற்றில் மணலுக்கே வழியில்லாத ஊரில் துறைமுகம் எங்கே வந்தது என்று தேர்வாளர் திகைப்பார். 'ஆர்ச்சிடெக்சர்' என்பதும் தவறு; 'ஆர்க்கிடெக்சர்' என்க. கல்லறையைக் குறிக்கும் 'டூம்' என்ற சொல்லின் கடைசி எழுத்து ஏட்டில் மட்டும் உண்டு, வாயில் இல்லை. தரைத் தளத்துக்கு மேலுள்ளதைப் பிரிட்டனில் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்பர்; அமெரிக்காவிலோ தரைத் தளமே 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்'. எதைக் கொண்டாலும் முதலிலிருந்து முடிவு வரை அதையே கொள்க.

நிற்க. கட்டடத்தைப் பேசுகையில் செயப்பாட்டு வினை இன்றியமையாதது. 'இட் வாஸ் பில்ட்' என்று தொடங்கினால் இலக்கணத்துக்குரிய புள்ளி வந்து சேரும். ஆனால் இந்த வினையில் ஒரு சூது இருக்கிறது. கட்டப்பட்டது என்று சொன்னவுடன் கட்டியவன் மறைந்துவிடுகிறான். 'பை' என்ற சிறு சொல்லைப் பின்னால் சேர்த்தால்தான் அவன் வெளியே வருகிறான். அங்கேயும் பாடநூல் அரசன் பெயரைத்தான் சேர்க்கக் கற்பிக்கிறது. கல்லை உடைத்தவரும் சுண்ணாம்பு அரைத்தவரும் மண் சுமந்தவரும் யாரென்று கேட்டு, 'பை' என்பதன்பின் அவர்களையும் சேர்த்து ஒரு வாக்கியம் சொல்லும்படி நம் வகுப்பில் பழக்குகிறோம். தேர்வுக்கும் அது நல்லது. வாக்கியம் நீள்கிறது அல்லவா?

மீண்டும் அந்தப் பெண்ணிடம் வருவோம். தாஜ்மகால் கைவிட்ட பின், உன் தந்தையார் வேலை செய்யும் இடத்தைச் சொல் அம்மா என்றோம். தலை குனிந்தாள். சற்று நேரங்கழித்து, "ஐயா, தோல் ஷாப்புன்னு சொன்னா நாம யாருன்னு தெரிஞ்சிடாதா?" என்றாள்.

அவளைக் கடிந்துகொள்ளும் தகுதி நமக்கு இல்லை. பி.எட். முடித்த ஆண்டில் ஒரு நேர்காணலுக்குச் சென்றிருந்தோம். எதிரில் இருந்தவர், உமது வீடு எப்படிப்பட்டது என்று ஆங்கிலத்தில் கேட்டார். மழை பெய்தால் நான்கு இடத்தில் பாத்திரம் வைக்கும் கூரை வீடு நம்முடையது. நாமோ முன்புறம் திண்ணை, நடுவில் முற்றம், தேக்குத் தூண் என்று வேறொருவர் வீட்டை வருணித்தோம். ஆங்கிலம் பிழையின்றி வந்தது. அவரும் மகிழ்ந்தார். மாலையில் வீடு திரும்பியபோது, கூரைக்குப் புதிய ஓலை கட்டிக்கொண்டிருந்த தாயார் ஏணியில் நின்றபடியே, "போன காரியம் என்னாச்சுப்பா?" என்று கேட்டார். அவர் முகத்தை நம்மால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளாகியும் அந்த ஏணி நம் கண்ணை விட்டு அகலவில்லை.

ஆகவே அப்பெண்ணிடம் உபதேசம் செய்யாமல் இக்கதையை மட்டும் சொன்னோம். தேர்வாளர் உன் சாதியை அளப்பவர் அல்லர், அவருடைய தாளில் அதற்கு இடமும் இல்லை. எனினும் சொல்வதும் சொல்லாததும் உன் உரிமை என்றோம். அச்சத்தால் விடாதே, விருப்பமில்லையென்றால் விடு என்றோம். மறு வாரம் அவளே பேசினாள். அவள் பேசியதைத் தமிழில் தருகிறோம்.

"என் தந்தையார் பணி செய்யும் கட்டடம் பழமையானது. கீழ்த்தளத்தில் ஈரமான வேலைகள் எல்லாம் நடக்கும். சுண்ணாம்புக் குழிகளும், சுழலும் பெரிய மர டிரம்களும் அங்கே இருக்கின்றன. தரை சாய்வாக இருப்பதால் தண்ணீர் தேங்காமல் வாய்க்காலுக்கு ஓடும். நனைந்த தோல் கனமானது. அதை மேலே தூக்குவது கடினம் என்பதால் அந்த வேலைகளைக் கீழே வைத்திருக்கிறார்கள். மேல்தளத்தில் தோலை உலர வைப்பார்கள். அதற்கு வெயில் நேரடியாகப் படக்கூடாது, காற்று மட்டும் வேண்டும். ஆகையால் அங்கே சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் பலகைகள் இருக்கின்றன. மாலையில் அப்பலகைகளின் இடையே ஒளி கோடு கோடாக விழும். சிறுமியாக இருந்தபோது தந்தையாருக்குச் சோறு கொண்டு சென்று அந்தக் கோடுகளை எண்ணுவேன்."

இரண்டு நிமிடம் முடிந்து மணி அடித்தும் அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ஏன்' என்பதற்கு விடை இருந்ததைக் கவனித்தீர்களா? கட்டடக் கலை என்பது அதுவே. எந்தப் பகுதி எதற்காக, ஏன் அங்கே அமைந்தது என்று சொல்லத் தெரிந்தவன் கட்டடத்தை அறிந்தவன்.

தேர்வின் மூன்றாம் பகுதியில் பொதுவாகக் கேட்பார்கள்: கட்டடத்துக்கு அழகு முக்கியமா, பாதுகாப்பு முக்கியமா? இதற்கு நம் வட்டாரத்துப் பிள்ளை புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில், தோல் கழிவைத் தேக்கிய தொட்டியின் சுவர் நள்ளிரவு கடந்து இடிந்தது. அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்மீது கழிவுக் குழம்பு பாய்ந்து 10 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஒரு சுவர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிடுவதும், அதன் அடியில் ஆள் உறங்கலாமா என்று பார்ப்பதும் கட்டடம் பற்றிய பேச்சுதான். இதைச் சொல்லும் மாணவனுக்குச் சொல் தேட நேராது.

இன்னொரு சொல்லையும் சொல்லிவிடுகிறோம். நீ வாழும் இடம் எது என்ற கேள்விக்கு நம் பிள்ளைகள் 'காலனி' என்று விடையளிப்பார்கள். அயல்நாட்டுத் தேர்வாளர் காதில் அது, ஒரு நாடு பிடித்து ஆண்ட வேறு நாட்டைக் குறிக்கும். நம் ஊரிலோ அதன் பொருள் வேறு; அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2025-இல் அரசுப் பதிவேடுகளிலிருந்து இச்சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பேச்சுத் தேர்வில் ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் சொன்னால் போதும்.

புகழ் பெற்ற கட்டடமே வேண்டும் என்போர்க்கு ஒன்று சொல்வோம். பம்பாய் தாதரில் அண்ணல் அம்பேத்கர் 1930-களில் கட்டிய 'இராஜகிருகம்' என்னும் இல்லம் இருக்கிறது. நகைக்கும் நெல்லுக்கும் அறை வைத்து வீடு கட்டுவார் உண்டு. அவர் தம் நூல்களுக்கு இடம் வேண்டுமென்று கட்டினார். வகுப்பறைக்கு வெளியே அமர்த்தப்பட்ட ஒரு சிறுவன் பிற்காலத்தில் எத்தகைய வீட்டைக் கட்டிக்கொண்டான் என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க இயலுமா என்பதே நம் ஐயம்.

நம் சங்கக் கட்டடத்தையும் மறக்க வேண்டா. 25 ஆண்டுகளுக்கு முன் இது ஓர் ஓட்டுக் கொட்டகை. இப்போதுள்ள தென்புறச் சுவரில் ஒரு வரிசைச் செங்கல் சற்றே வளைந்திருக்கிறது, பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூலியின்றி வந்து கட்டியவர்களுள் பாதிப்பேர் கொத்தனார்கள் அல்லர். தோல் உரித்த கைகள் கரணை பிடித்தன. அவ்வளைவைப் பூசி மறைக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் ஒரு யோசனை எழுந்ததாகக் கேள்வி. வேண்டா என்பது நம் கருத்து. அதை விவரிக்கும்போது பிள்ளைகளுக்கு நல்ல வாக்கியங்கள் கிடைக்கின்றன.

அந்தப் பெண்ணின் தேர்வு அடுத்த மாதம். அவளும் இங்குதான் அமர்ந்திருக்கிறாள். பெயரைச் சொல்லக் கூடாதென்று கட்டளை. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆம்பூர் பஸ் நிலையத்தில் கூடி வேலூர்க் கோட்டைக்குச் செல்வோம். ஆளுக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வருக. அகழிப் பாலத்தைக் கடந்தபின் தமிழில் பேசுவோர் அனைவர்க்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும் என்பது நிபந்தனை. தலைமையாசிரியருக்கும் அதில் விலக்கு இல்லை.