காலந் தாழ்ந்த கணக்கு

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் இன்று இலக்கியம் பேசுவேனென்று எதிர்பார்த்து வந்தோர் பொறுத்தருள வேண்டும். கணக்கைப் பற்றிப் பேசுமாறு நம் காரியதரிசியவர்கள் பணித்தனர். கணக்கு நகரத்தார்க்கு அயலான பொருளன்று. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நம் முன்னோர், கடைக்கு அனுப்பிய ஏஜெண்டிடம் கணக்கு வாங்கி ஐந்தொகை பார்த்தன்றி அவனை விடுவித்திலர். அயல்நாட்டிலுள்ள பொருளை ஊரிலுள்ள பேரேட்டிற் காட்டுவது அவர்தம் வழக்கம். இன்று அவ்வழக்கம் தலைகீழாய் நிற்கின்றது. ஊரிலுள்ள பொருளை அயல்நாட்டுப் பேரேட்டிற் காட்டவேண்டிய கடன் நம் மக்கள் பலர்க்கு வந்துளது. அவருட் பலர் அதனை அறியார், அறிந்தபின் அஞ்சுவர், அஞ்சியபின் மறைப்பர். இம்மூன்றாம் படியைக் குறித்தே யான் சொல்லப் புகுந்தேன்.

முதற்கண் சட்டத்தைச் சுருங்கக் கூறுவேன். அமெரிக்க ஐக்கிய நாட்டின் குடிமகன் உலகின் எம்மூலையில் வாழினும், வருமானம் ஓரளவைக் கடப்பின், ஆண்டுதோறும் அந்நாட்டுக்கு வருமானக் கணக்குக் கொடுக்கக் கடவன். கிரீன் கார்டு உடையானுக்கும் அஃதே விதி. இதனின் வேறாக, 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மற்றோர் அறிக்கையும் உண்டு. அதனை எப்-பார் என்பர். அமெரிக்காவிற்கு வெளியே அவனுக்குள்ள பாங்கிக் கணக்குகளின் தொகையெல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒருநாளேனும் 10,000 டாலரைக் கடந்தால், அவை அனைத்தையும் அந்நாட்டு நிதி இலாகாவுக்கு மின்வழியே தெரிவித்தல் வேண்டும். கெடு ஏப்ரல் 15. கேளாமலே அக்டோபர் 15 வரை நீட்டிக்கப்படும். இதனால் வரி ஏதும் விளைவதில்லை; இன்ன பாங்கியில் இன்ன தொகை இருந்தது என்று சொல்லுதல் மாத்திரமே.

நம்மவர் இடறும் இடங்கள் இரண்டு. 10,000 டாலர் என்பது ஒவ்வொரு கணக்குக்கும் என்று எண்ணுவர். அன்று, எல்லாவற்றின் கூட்டுத்தொகைக்கு. முதிய தாயொருத்தி தன் பேரோடு மகன் பேரையும் சேர்த்து வைத்த கணக்கு தாயினுடையதே என்று எண்ணுவர். சட்டத்தின் கண்ணில் அஃது மகனுடையதுமாம். முழுத்தொகையையும் அவன் காட்டல் வேண்டும். பங்கு வைத்துள்ள டீமாட் கணக்கும், மியூச்சுவல் பண்டும், சரண்டர் மதிப்புள்ள இன்ஷ்யூரன்ஸ் பாலிசியும் இதனுள் அடங்கும். வீடும் நிலமும் லாக்கரிலுள்ள நகையும் அடங்கா. இதனைக் கேட்டுத் தாய்மார்கள் ஆறுதல் கொள்வது தெரிகின்றது!

இனி, என் பெரியப்பா மகனார் ஒருவர் பட்ட பாட்டைச் சொல்கின்றேன். அவர் இசைவு பெற்றே சொல்வது. 1999-இல் படிக்கச் சென்று, 2012-இல் அந்நாட்டுக் குடிமகனாகி, 2018-இல் தாயாரைப் பேணும்பொருட்டு ஊர் திரும்பினார். திரும்பிய பின் அமெரிக்காவுக்கு ஒரு கணக்கும் கொடுத்திலர். அங்கே சம்பாத்தியம் இல்லையே, கணக்கு எதற்கு என்பது அவர் எண்ணம். இங்கே வட்டிக்கும் வாடகைக்கும் வரி தவறாது செலுத்தி வந்தார். 2024-இல் பழைய தோழர் ஒருவர் வாயிலாக உண்மை தெரிந்தது. அவர் பேரிலும் தாயார் பேரோடு சேர்ந்தும் ஒன்பது கணக்குகள். அறியாது விடுத்தவனுக்கு 10,000 டாலர் அபராதம் என்று யாரோ சொல்ல, ஒன்பதை ஆறாண்டாற் பெருக்கி, 5,40,000 டாலர் என்று தாளில் எழுதிக்கொண்டு, ஓரிரவு என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். அத்தாளை இன்னும் வைத்திருக்கின்றேன்.

அந்தப் பெருக்கல் பிழை என்பதற்கு ஒரு வழக்கே சான்று. ருமேனியாவிற் பிறந்து 1982-இல் அமெரிக்கா சென்று குடியுரிமை பெற்ற பிட்னர் என்பார், 1990-இல் தாயகம் மீண்டு பெருவாணிகம் நடத்தினார். இவ்வறிக்கை கொடுக்கவேண்டுமென்பதை அறியாதிருந்து பின்னரே கொடுத்தார். ஐந்தாண்டுக்குரிய கணக்குகளைத் தனித்தனியே எண்ணி 272 எனக் கொண்டு, 27 லட்சத்து 20 ஆயிரம் டாலர் கேட்டது அரசு. 2023-இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, அறியாப் பிழைக்கு அபராதம் அறிக்கைக்கு ஒன்றேயன்றிக் கணக்குக்கு ஒன்றன்று எனத் தீர்த்தது. ஐந்து அறிக்கை, 50,000 டாலர். இதுவும் சிறு தொகையன்று. அன்றியும் இப்பொழுது அவ்வுச்ச வரம்பு விலைவாசிக்கேற்ப உயர்த்தப்படுகின்றது. வேண்டுமென்றே மறைத்தவனுக்கோ கணக்கிலுள்ள தொகையிற் பாதிவரை போகும்.

இதனைக் கேட்டபின் அண்ணன் முகத்தில் சற்றே ஒளி வந்தது. ஆயினும் மறுநாளே யோசனை சொல்வோர் சூழ்ந்துகொண்டனர். "தாயார் கணக்கிலிருந்து பேரை எடுத்துவிடு; இவ்வாண்டு முதல் ஒழுங்காயிரு; பழையதைக் கிளறாதே" என்றார் ஒருவர். இவர் நம்மிடையே பலரினும் படித்தவர். 2015-இல் இரு நாடும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, அமெரிக்கக் குடிகளின் கணக்கு விவரங்களை நம் நாட்டுப் பாங்கிகளே வருமானவரி இலாகா வாயிலாக அனுப்பி வருகின்றன என்பதை அவர் அறிந்திலர். பேரை இன்று எடுப்பினும் நேற்றைய ஏடு அங்கேயும் இருத்தல் கூடும்.

வேண்டுமென்று செய்யாதார்க்கு அவ்வரசே ஒரு வழி வைத்துளது. அண்மையில் கெடு கடந்த மூன்றாண்டு வருமானக் கணக்கும், ஆறாண்டு எப்-பார் அறிக்கையும் கொடுத்து, வரி பாக்கி இருப்பின் வட்டியோடு செலுத்தி, நிகழ்ந்ததை விளக்கி ஒரு வாக்குமூலம் எழுதிக் கையொப்பமிடல் வேண்டும். அம்மூன்றாண்டுள் ஓராண்டிலேனும் அங்கே இல்லம் இன்றி, 330 நாள் முழுமையாய் அந்நாட்டிற்கு வெளியே இருந்தவராயின் அபராதம் இல்லை. அங்கேயே வாழ்வோர்க்கு நூற்றுக்கு ஐந்து விழுக்காடு உண்டு. அவ்வரசு முந்திக்கொண்டு விசாரணை தொடங்கிவிட்டால் இக்கதவு அடைபடும். வருமானமெல்லாம் முன்னரே காட்டி, எப்-பார் மட்டும் விட்டுப்போனவர்க்கு இதனினும் எளிய வழியுண்டு. காரணங் கூறிப் பிந்திய அறிக்கையைக் கொடுத்தலே போதும். அறிந்தே மறைத்தவர் இவ்வழிகளிற் புகுதல் தகாது. அவர் முதலில் வக்கீலைக் காண்க.

அண்ணனை வருத்தியது அவ்வாக்குமூலமே. "தம்பி, நீ சொல்லறிந்தவன், பார்த்துக் கொடு" என்று தாம் எழுதியதைத் தந்தார். ஆடிட்டரை நம்பியதால் இப்பிழை நேர்ந்தது என்று அதில் இருந்தது. பிறர் யோசனையை நம்பியதாகச் சொல்லின், அவர் பேர், விலாசம், தொலைபேசி எண், அவர் சொன்ன யோசனை யாவும் எழுதவேண்டுமென அப்பாரமே கேட்கின்றது.

"ஆடிட்டரிடம் அமெரிக்கக் கணக்கைப் பற்றி எந்நாள் கேட்டீர்கள்?" என்றேன்.

நெடுநேரம் பேசிலர். கேட்டதேயில்லை. அவ்வாக்கியத்தை அவரே அடித்தார்.

அதன்பின் மற்றொன்று வெளிவந்தது. 2019-இல் பாங்கியில் ஒரு தாள் கொடுத்து, அமெரிக்கக் குடிமகனோ என்று வினவினராம். 'இல்லை' என்று குறியிட்டுவிட்டார். இங்கே குடியிருக்கின்றேனே என்ற எண்ணத்தாற் செய்தேன் என்றார். அதனை எழுதினால் மாட்டிக்கொள்வேனோ என்று கலங்கினார். எனக்கும் அச்சமே. ஆனால் நமக்கு நன்மையானதும் தீமையானதும் ஆகிய முழு வரலாற்றையும் எழுதுக என்று பாரத்தில் விதித்துளர். பொய்ச்சத்தியத்திற்குரிய தண்டனைக்கு உட்பட்டே கையொப்பமிடுகின்றோம். இத்துறை பழகிய வக்கீல் ஒருவரைக் கேட்டோம். எழுதத்தான் வேண்டும் என்றார். இரண்டே வாக்கியம். அவற்றை எழுத அண்ணனுக்கு ஒரு வாரம் சென்றது. பாங்கிக்கும் சென்று பழைய தாளை மாற்றிப் புதியது கொடுத்தார்.

எஞ்சியது உழைப்பே. ஆறாண்டுப் பாஸ்புத்தகங்களைத் திரட்டி, ஒவ்வோராண்டிலும் ஒவ்வொரு கணக்கின் உச்சத் தொகையைக் கண்டு, ஆண்டிறுதி நாளின் அரசாங்க விகிதப்படி டாலராக மாற்றினோம். இந்நாட்டிற் செலுத்திய வரியை அங்கே கழித்துக்கொள்ள இடமிருந்தமையின் பாக்கி சிறிதே. மியூச்சுவல் பண்டுதான் உயிரை வாங்கியது; ஒவ்வொரு பண்டுக்கும் தனிப்பாரம். வருமானக் கணக்குகளின் தலைப்பில் சிவப்பு மையால் இன்ன வழியிற் கொடுக்கின்றோம் என்றெழுதி டெக்ஸாஸிலுள்ள ஆஸ்டினுக்குத் தபாலில் அனுப்பினோம். எப்-பார் ஆறும் மின்வழியே சென்றன.

மற்றொரு புறமும் மறவாதீர். ஊர் திரும்பி இந்நாட்டிற் சாதாரண வாசியாகிவிட்டவர், அமெரிக்காவில் விட்டு வந்த பாங்கிக் கணக்கையும் ஓய்வூதிய நிதியையும் நம் வருமானவரிக் கணக்கிற் காட்டல் வேண்டும். 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி தவறினால் 10 லட்ச ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். வீடு, நிலம் ஒழிந்த சொத்து எல்லாம் சேர்ந்து 20 லட்சத்தைக் கடவாதாயின் 1-10-2024 முதல் அவ்வபராதம் இல்லை. அண்ணன் இதனையும் உடன் செய்து முடித்தார்.

தபால் அனுப்பி ஆறு மாதம் ஆயின. பெற்றோம், ஏற்றோம் என்று ஓலை வருவது இவ்வழியில் வழக்கமன்று. அண்ணன் அதனை அறிந்து அமைதியாயிருக்கின்றார். அவர் தாயார் மட்டும் தபாற்காரர் வரும்பொழுதெல்லாம் வாயிலுக்கு வந்து கேட்கின்றனர். சென்ற வாரம் என்னைக் கண்டு, தம் கணக்கிலிருந்து மகன் பேரை எடுத்துவிட வேண்டுமோ என்று வினவினர். வேண்டா, அது இப்பொழுது எழுதப்பட்டுவிட்டது என்றேன்.