மீண்டும் ஒரு சி.ஆர். கொப்பி
(பழைய மாணவியர் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது நாம் உயர்தர வகுப்பில் இருந்தோம். ஜாம் போத்தல் விளக்கில் எழுதிய கொப்பிகளை வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்தோம். திரும்பி வந்தபோது கொப்பிகளும் இல்லை, படிப்பைத் தொடரும் நிலையும் இல்லை. பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கிய பின், எம் வகுப்பினர் நால்வர் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் அடிப்படைப் பாடநெறி ஒன்றுக்குப் பதிந்தோம். உயர்தரம் சித்தியடையாதவர்களுக்கும் அங்கே வழி உண்டு. இந்த மண்டபத்தில் இன்னும் தயங்கிக்கொண்டிருப்போருக்காக இதனை முதலில் சொல்கிறோம்.

பதிந்த அன்றே கடைக்குப் போனோம். நான்கு நிறப் பேனை, மினுங்கும் உறை, பென்சில் பெட்டி என்று சின்னப் பிள்ளைகள்போல் அள்ளினோம். உண்மையில் தேவைப்பட்டவை சிலவே: பாடத்துக்கு ஒரு சி.ஆர். கொப்பி, நீலப் பேனை இரண்டு, பென்சில், அடிமட்டம், வினாத்தாள்களைக் கோர்த்து வைக்க ஒரு கோப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாகப் பரிசோதித்து எடுத்த மூக்குக்கண்ணாடி. அதை வாங்கப் பின்போட்டவர் முதல் இரண்டு வகுப்பிலும் பலகையைப் பார்க்கவே இல்லை.

பெரிய பிழை குறிப்பெடுப்பதில் நடந்தது. பள்ளியில் பழகியபடி, சொன்னதைச் சொன்னபடியே அழகாக எழுதி, சிவப்புக் கோடும் போட்டோம். முதற் கணிப்பீட்டில் அந்த அழகான பக்கங்களில் ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. ஒருவர் பேருந்தில் அழுதுகொண்டே, “எனக்கு இனி மூளை இல்லை, நான் வரமாட்டேன்” என்றார்.

அப்போதுதான் பிள்ளையொன்று கோர்னெல் முறையைக் காட்டித் தந்தது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வோல்டர் போக் என்ற பேராசிரியர் வகுத்தது அது. பக்கத்தின் இடப்புறம் இரண்டரை அங்குலம் விட்டுக் கோடு கிழிக்க வேண்டும். கீழே இரண்டு அங்குலம் விட வேண்டும். வகுப்பில் வலப்புறம் மட்டும், சுருக்கமாக, சொந்தச் சொல்லில் எழுதுவோம். அன்றிரவு சமையல் முடிந்ததும் இடப்புறத்தில் கேள்விகளை எழுதுவோம். கீழே முழுப் பாடத்தையும் இரண்டு மூன்று வரியில் அடக்குவோம். பின்பு வலப்புறத்தைக் கையால் மறைத்து, கேள்விக்கு வாய்விட்டு விடை சொல்வோம். வராததை மட்டும் மறுபடி படிப்போம். அடுப்படியில் நின்றபடியே தொலைபேசியில் ஒருவரையொருவர் கேட்போம்.

மூளை இல்லாமற் போகவில்லை; மூடிவைத்துக் கேட்டுப் பார்க்கத்தான் நாம் பழகியிருக்கவில்லை.

எம்மில் மூவர் சித்தியடைந்தோம். பேருந்தில் அழுத தோழி மீண்டும் தோற்றவிருக்கிறார். அவருடைய புதிய கொப்பிக்கு நாமே கோடு கிழித்துக் கொடுத்திருக்கிறோம்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு வகுப்பறையை, படிக்கத் திரும்பும் பழைய மாணவியருக்காகத் திறந்து வையுங்கள். மேசையும் மின்விளக்கும் போதும். கொப்பியை நாம் கொண்டு வருவோம்.