வானில் வழிகாட்டும் பலகை

சிறு விமானம் ஓட்டுவோர் பலர் இந்நாளில் வழியறியக் கைக்கணினியை நம்புகின்றனர். ஐபேடு, சுற்றுப்புற வெப்பம் 35 பாகை செல்சியசுக்குள் இருக்கப் பயன்படுத்துவதற்கு உரியது. கடலூரிலோ அக்கினி நட்சத்திரத்தில் நிழலிலேயே அதற்குமேல் ஏறும். விமானத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் கேட்கவா வேண்டும்? சூடு மிகுந்தால் திரை மங்கும், மின்னேற்றம் நிற்கும், முடிவில் கருவியே அடங்கிவிடும். மின்னேற்றமும் வெப்பந் தருவதாகையால், புறப்படுமுன்பே மின்கலத்தை நிரப்பி, உறையைக் கழற்றி, வெயில் படாமல் காற்றுத் துளைக்கு எதிரே பொருத்துவது நலம்.

அப்படியும் அணைந்துவிட்டால்? மடியில் காகிதப் படம் இருக்க வேண்டும். நான் வகுப்பில் வரையச் சொன்ன ஆறுகளும் அப்போது துணையாகும். புதுவையிலிருந்து கரையோரமாகத் தெற்கே வருபவர் எண்ணிக்கொண்டே வரலாம்: தென்பெண்ணை, கெடிலம், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு. அப்பால் பிச்சாவரத்துக் காடு. அதற்கு மேற்கே சிதம்பரத்தின் நான்கு கோபுரங்கள். கொள்ளிடம் தெரிந்தால் கடலூர் மாவட்டத்தின் தென்னெல்லையை அடைந்துவிட்டோம் என்று பொருள்.