மல்லாட்டை இலையும் மலையோடைத் தவளையும்



திண்டிவனத்தில் நான் ஆசிரியனாக இருந்த நாளில், மழை பெய்த மறுநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, பூசணமும் மழையோடு வருகிறது, தவளையும் மழையோடு வருகிறது. இரண்டின் வாழ்க்கையும் ஒன்றுதானா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து அவனை உட்காரச் சொல்லிவிட்டேன். அன்று கூறாத விடையை இன்று கூறுகிறேன்.

முதலில் பூசணம். நிலக்கடலையை நம் பக்கத்தில் மல்லாட்டை என்போம். 'டி.எம்.வி.' என்று தொடங்கும் அதன் ரகங்கள் நம் திண்டிவனத்தின் பெயரைத் தாங்கியவை. அந்தச் செடியின் இலைகளில் கரும்புள்ளிகள் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். உழவர்கள் இதனை டிக்கா நோய் என்பர். பச்சையம் இல்லாத பூசணம் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. காற்றில் வரும் அதன் வித்து, ஈரமான இலையில் முளைத்து உள்ளே நுழைந்து, இலையைக் கொன்று தின்கிறது. இலைகள் உதிர்கின்றன, காய்கள் திரள்வதில்லை. அறுவடைக்குப்பின் நிலத்தில் கிடக்கும் சருகில் அது அடுத்த பருவத்துக்காகக் காத்திருக்கும்.

இனித் தவளை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் நடனத் தவளைகள் வாழ்கின்றன. உலகில் வேறெங்கும் இவை இல்லை. 2014-இல் பேராசிரியர் எஸ். டி. பிஜு குழுவினர் இவற்றில் 14 புதிய இனங்களை அறிவித்தனர். ஓடையின் இரைச்சலில் குரல் மட்டும் போதாதென்று, ஆண் தவளை பின்னங்காலை நீட்டி, விரல்களை விரித்துக் காட்டுகிறது. ஓடைப் படுகையின் சரளைக்குள் புதைந்து வாழும் இதன் தலைப்பிரட்டைகளை 2016-இல்தான் உலகம் அறிந்தது.

இரண்டுக்கும் ஈரம் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் பூசணத்துக்கு நனைந்த இலை போதும். தவளைக்கோ ஓடை முழுவதும் வேண்டும். ஒரே கொல்லையில் ஆண்டுதோறும் மல்லாட்டையே விதைத்தால், பூசணத்துக்கு நாமே விருந்து வைக்கிறோம். ஓடையில் மண் சரிந்து சரளை மூடினாலோ, தவளைக்குப் போக்கிடமில்லை.

ஆகவே, கொல்லையில் சருகை அகற்றிக் கம்பு, கேழ்வரகு என்று பயிரை மாற்றுங்கள். மலைக்குச் சுற்றுலா சென்றால், ஓடைக் கற்களைப் புரட்டாமல் திரும்புங்கள்.

அன்று கேட்ட மாணவன் எங்கேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், நான் சிரித்ததைப் பொறுத்துக்கொள்வானாக. அவன் கேட்டது நல்ல கேள்வி.