தூக்கத்தில் கை ஓங்கினால்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



கொழுந்து நிறுத்துவிட்டு நேரே இங்கு வந்து உட்கார்ந்திருக்கின்றீர்கள். உங்கள் களைப்பு எங்களுக்குத் தெரியும். ஆகவே சுருக்கமாகவே பேசுகின்றோம். இன்றைய விஷயம் தூக்கம்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் அக்கா எங்களிடம் வந்தார். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. என்ன என்று கேட்டால், "விறகு பட்டுருச்சுங்க ஐயா" என்றார். நாங்கள் நம்பவில்லை. புருஷனைக் கூப்பிட்டு, "இந்த வயதிலும் குடித்துவிட்டு அடிக்கலாமா?" என்று கண்டித்தோம். கவ்வாத்து வேலை செய்து ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். "நான் குடியை விட்டு மூணு வருஷமாச்சுங்க. காட்டுப் பன்றி வெரட்டுற மாதிரி கனவு. அதத்தான் அடிச்சேன். முழிச்சுப் பார்த்தா இவ அழுவுறா" என்றார்.

லயத்தில் அவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று பேச்சு. கோடங்கியும் பார்த்தாயிற்று. காவலுக்கு என்று தலையணைக்குக் கீழே கத்தியும் வைத்திருந்தார்கள். நினைத்துப் பாருங்கள்! கனவில் பன்றியை அடிக்கின்ற மனிதனின் கைக்கு எட்டிய தூரத்தில் கத்தி. நாங்களும் அவரைக் குடிகாரர் என்று முடிவு கட்டிப் பேசினோம். அது எங்கள் பிழை. அந்தப் பிழை இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

இது ஒரு நோயின் அடையாளமாக இருக்கலாம். நாம் கனவு காணும் வேளையில், மூளையின் அடித்தண்டு நமது கைகால்களைக் கட்டிப்போட்டது போல அசையாமல் வைத்திருக்கின்றது. அதனால்தான் கனவில் ஓடினாலும் நாம் பாயிலேயே கிடக்கின்றோம். அந்தக் கட்டு அவிழ்ந்துபோனால், கனவில் செய்வதை உடம்பும் செய்யத் தொடங்கும். கத்துவது, குத்துவது, உதைப்பது, பாயிலிருந்து பாய்ந்து விழுவது எல்லாம் நடக்கும்.

1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஷென்க், மஹோவால்ட் என்ற இரு டொக்டர்மார் இதை ஒரு தனி நோயாக எழுதினார்கள். பிறகு இந்த நோயுள்ள, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 29 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 1996இல் பார்த்தபோது அவர்களில் 11 பேருக்கு நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய் போன்ற குணங்கள் வந்திருந்தன. 2019இல் பல நாடுகளின் 24 நிலையங்கள் சேர்ந்து 1280 நோயாளிகளின் விபரங்களை வெளியிட்டன. 12 வருஷங்களில் நூற்றுக்கு 73 பேர் அளவில் பார்க்கின்சன் நோயோ அதைச் சேர்ந்த மறதி நோயோ வரும் என்று அதில் கணக்கிடப்பட்டது. ஆக, கை நடுங்குவதற்குப் பல வருஷங்கள் முன்னமே தூக்கம் நமக்குச் செய்தி சொல்லிவிடுகின்றது.

மூளையைப் படம் பிடித்தும் இதைப் பார்த்திருக்கின்றார்கள். சாதாரண ஸ்கேனில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வேறொரு ஸ்கேன் இருக்கின்றது. கதிர்வீச்சுள்ள மருந்தைச் சிறிதளவு ஊசியால் ஏற்றி எடுப்பார்கள். நல்ல மூளையில் இரண்டு காற்புள்ளிகள் போல ஒளி தெரியும். உடம்பை இயக்க உதவும் டோபமின் கலங்கள் அழிந்துவர, அந்தக் காற்புள்ளியின் வால் மங்கி, முற்றுப்புள்ளி மாதிரி ஆகிவிடும். 2010இல் பார்சிலோனா நகரில் இந்தத் தூக்க நோயுள்ள 43 பேரை இப்படிப் படமெடுத்தபோது, 17 பேருக்கு அந்த ஒளி குறைந்திருந்தது. வெளியில் நடுக்கம் தெரியாத காலத்திலேயே உள்ளே தேய்மானம் தொடங்கிவிட்டது என்பதே இதன் பொருள். ஆனாலும் இந்தப் படம் எல்லோருக்கும் தேவைப்படாது. நோயை நிச்சயப்படுத்த, ஓர் இரவு முழுவதும் தூங்க வைத்து, மூளை அலையையும் தசை அசைவையும் பதிவு செய்து பார்ப்பார்கள்.

இதைக் கேட்டு யாரும் பயந்துவிட வேண்டாம். எப்போதாவது கெட்ட கனவு கண்டு உளறுவது நோயல்ல. சின்னப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுந்து நடப்பதும் வேறு. சில மாத்திரைகளாலும், மூச்சு அடைபடும் குறட்டையாலும், பழகிய குடியைத் திடீரென்று நிறுத்துவதாலும்கூட இப்படி வரலாம். அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் டொக்டர்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை இவை: ஐம்பது வயது தாண்டியவர்; அதிகமும் விடியற்சாமத்தில் அடிதடி; எழுப்பினால் கனவை விபரமாகச் சொல்கிறார். இவற்றோடு தேத்தண்ணி வாசம் தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருப்பது ஆகியவையும் சேர்ந்தால் தாமதிக்க வேண்டாம். தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லி, துண்டு வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போங்கள். கட்டாயம் மனைவியும் கூடப் போக வேண்டும். தூங்கியவருக்கு ஒன்றும் தெரியாது, சாட்சி அவர்தான்.

அதுவரை கத்தி, கவ்வாத்துக் கத்தி, போத்தல், குப்பி விளக்கு எதுவும் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கட்டிலை விட்டு, பாயைத் தரையில் போடுங்கள். மனைவி தள்ளிப் படுப்பது நல்லது. காம்பராவில் இடமில்லை என்பது தெரியும். நடுவில் தலையணையாவது, துணி மூட்டையாவது வையுங்கள். பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள். அடிதடியைக் குறைக்க மருந்து உண்டு. மூளையின் தேய்மானத்தை நிறுத்தும் என்று உறுதியான மருந்து இன்னும் வரவில்லை. ஆனாலும் நோயை முன்கூட்டியே அறிந்தால் உடற்பயிற்சி, கிளினிக், குடும்பத்தின் ஆயத்தம் எல்லாம் நேரத்தோடு நடக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுகின்றோம். விழித்திருக்கும்போது மனைவியை அடிப்பவருக்கு இந்தப் பேச்சு ஒரு சாக்கு ஆகாது.

அந்தப் பெரியவருக்கு இப்போது இடது கை லேசாக நடுங்குகின்றது. ஒழுங்காகக் கிளினிக் போகிறார். தலையணைக் கத்தி அடுப்படிக்குத் திரும்பிவிட்டது. அக்கா எங்களிடம் சொன்னார்: "இத்தன நாளா எம்மேல உள்ள கோவத்துலதான் அடிக்கிறாருன்னு நெனச்சு அழுதேனுங்க ஐயா. நோயின்னு தெரிஞ்சதும் மனசு ஆறிப்போச்சு."

உங்கள் லயத்திலும் விறகு பட்டது என்று யாராவது சொன்னால், ஆறுதலாக உட்கார்ந்து கேளுங்கள். பிறகு எங்களிடம் கூட்டி வாருங்கள். இந்த முறை நாங்கள் திட்டமாட்டோம், முதலில் கேட்போம்.