‘மூளை போச்சு’ன்னு சொல்றதுக்கு முன்னாடி

இந்த எபிசோட்ல ஒரு அலுமினியப் பொட்டியைப் பத்திப் பேசப்போறேன். ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அதுக்காக எங்க வீட்ல ரெண்டு மாசம் சண்டை, சமாதானம், மறுபடி சண்டை.

2024 மே மாசம். திண்டிவனத்துல ஒரு கல்யாணம் முடிச்சுட்டு நானும் அப்பாவும் ஜிஎஸ்டி ரோட்ல வந்துட்டு இருக்கோம். வண்டி 2010 மாடல் டீசல் எஸ்யூவி. அச்சிறுப்பாக்கம் தாண்டினதும் என்ஜின் அப்படியே அடங்கிப்போச்சு. இருமல் இல்ல, புகை இல்ல. யாரோ சாவியைத் திருப்பி அணைச்ச மாதிரி.

ஓடும்போது என்ஜின் நின்னா ஸ்டீயரிங் கல்லாட்டம் ஆயிடும். பிரேக் ஒண்ணு ரெண்டு மிதிக்குதான் லேசா பிடிக்கும், அதுக்கப்புறம் ஏறி நின்னு மிதிக்கணும். பின்னாடி லாரி ஹாரன். அப்பா எப்படியோ ஓரம் கட்டிட்டார். இருபது நிமிஷம் ஆறவிட்டு செல்ஃப் அடிச்சா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆச்சு. சூடானா நிக்குது, ஆறினா ஓடுது. அடுத்த மூணு வாரம் இதே கதைதான்.

வழக்கமா போற மெக்கானிக் முதல்ல கிராங்க் சென்சாரை மாத்தினார். அப்புறம் ரிலே. அப்புறம் டீசல் ஃபில்டர். கடைசியா, “வண்டிக்கு மூளை போச்சு தம்பி. புதுசு 85 ஆயிரம் ஆகும்”னு சொல்லிட்டார். வண்டியை வித்தாலே ரெண்டரை லட்சம் வந்தா பெருசு. அப்பா ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்கு வந்து, “எடைக்குப் போட்டுடலாம்பா”ன்னு மட்டும் சொன்னார். அவர் ரிட்டயர் ஆன பணத்துல வாங்கின வண்டி அது.

சரி, அந்த ‘மூளை’ என்ன பண்ணுது? அதுக்குப் பேரு ஈசியூ. கிராங்க் எந்தக் கோணத்துல இருக்கு, கூலன்ட் எவ்வளவு சூடு, நீங்க ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிச்சிருக்கீங்க, எல்லாத்தையும் சென்சார் வழியா கேட்டுக்கிட்டே இருக்கும். கேட்டுட்டு, எந்த இன்ஜெக்டர் எப்போ திறக்கணும், எவ்வளவு நேரம் திறக்கணும்னு முடிவு பண்ணும். நாலு சிலிண்டர் என்ஜின் 2,400 ஆர்பிஎம்ல ஓடினா ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் நொடிக்கு 20 தடவை வேலை. நாலுக்கும் சேர்த்து 80. அந்தக் குழாய்க்குள்ள டீசல் அழுத்தம் 1,600 பார் வரைக்கும் போகும். உங்க கார் டயர்ல இருக்கிறது ரெண்டு பார் சொச்சம்தான். இவ்வளவு வேலை பாக்குற பொட்டி ஒரு கணம் கண் மூடினா, வண்டி ரோட்ல அம்போ.

இங்கதான் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். 85 ஆயிரம் எதுக்கு, புதுப்பேட்டையில பழசு கிடைக்குமேன்னு நேரா போயிட்டேன். சென்னையில இருக்கிறவங்களுக்குத் தெரியும், பழைய வண்டியோட எந்தப் பாகத்தையும் தேடிப்போற இடம் அது. லேபிள்ல இருக்கிற நம்பரை போட்டோவோட ஒப்பிட்டு, 14 ஆயிரம் கொடுத்து வாங்கிட்டு வந்தேன். நானே பேட்டரியைக் கழட்டி, கப்ளரை மாத்தி மாட்டினேன். செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல. டேஷ்போர்டுல சாவி படம் போட்ட விளக்கு மின்னிக்கிட்டே இருக்கு.

திரும்பப் போனேன். “எலக்ட்ரிக்கல் சாமான் ரிட்டர்ன் கிடையாது தம்பி”ன்னு கடைக்காரர் கையை விரிச்சுட்டார். ஆனா நல்ல மனுஷன், ரெண்டு சந்து தள்ளி இருந்த ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட அனுப்பி வச்சார்.

அந்த அண்ணன் கதையைக் கேட்டுட்டு சிரிச்சார். “பொட்டிய மாத்துன, சரி. உள்ள இருக்கிறத யாரு மாத்துவா?”

அதுதான் விஷயம். ஈசியூ ஒரு பல்பு மாதிரி இல்ல, கழட்டி மாட்டினா எரியறதுக்கு. அதுக்குள்ள உங்க வண்டியோட அடையாளம் இருக்கு. உங்க சாவியில ஒரு சின்ன சிப் இருக்கும். அந்த சிப்புக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு ரகசியப் பேச்சு. இம்மொபிலைசர்னு சொல்றது இதைத்தான். வேற வண்டியோட ஈசியூவுக்கு உங்க சாவியைத் தெரியாது. அதனால டீசலை விடாது. அதே மாதிரி நிறைய காமன் ரெயில் வண்டிகள்ல, ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலயும் ஒரு கோட் எழுதியிருக்கும். அந்த இன்ஜெக்டரோட சின்னச் சின்ன அளவு வித்தியாசத்தைச் சொல்ற கோட். அது ஈசியூவுக்குள்ள பதிஞ்சிருக்கணும். தப்பான கோட் இருந்தா ஐடிலிங் உதறும், புகை வரும்.

அண்ணன் பண்ண முதல் வேலை, என் பழைய பொட்டியையே திருப்பி மாட்டினது. “இது செத்துடுச்சுன்னு யாரு நிரூபிச்சா? போய் நிக்கிற வரைக்கும் ஓட்டிட்டு வா.”

பக்கத்துலயே சுத்திட்டு வந்தேன். கடை வாசல்லயே நின்னுச்சு. சூடோட சூடா அவர் ஆரம்பிச்சார். நான் பக்கத்துல நின்னு போன்ல குறிச்சுக்கிட்டேன்.

முதல் கேள்வி, பொட்டிக்குக் கரண்ட் வருதா? நான் மல்டிமீட்டரை நீட்டினேன். அவர் வாங்கல. வயர்ல ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட்னு காட்டிடும். ஆனா அந்த ஒரு இழையால வேலை செய்ய முடியாது. அதனால அவர் ஒரு ஹெட்லைட் பல்பை அந்த வயர்ல மாட்டினார். பளிச்சுனு எரிஞ்சா வயர் நல்லாருக்கு. மங்கலா எரிஞ்சா வழியில எங்கயோ கோளாறு. எங்களுது பளிச்சுனு எரிஞ்சுச்சு.

ரெண்டாவது, எர்த். இதுக்குத்தான் மீட்டரை எடுத்தார். பேட்டரி நெகட்டிவுக்கும் ஈசியூ எர்த்துக்கும் நடுவுல மீட்டரை வச்சு, என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா பரவாயில்ல. அதுக்கு மேல போனா எர்த் வயர் துருப்பிடிச்சிருக்கலாம். எங்களுது சரியா இருந்துச்சு.

மூணாவது, சென்சார்களுக்கு ஈசியூ கொடுக்கிற 5 வோல்ட். ஒரே ஒரு சென்சார் ஷார்ட் ஆனாக்கூட அது மொத்த 5 வோல்ட்டையும் கீழ இழுத்துடும். ஈசியூ செத்த மாதிரியே தெரியும். அதனால சென்சார் கப்ளரை ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்தார். 5 வோல்ட் திரும்பி வரல.

நாலாவது, ஸ்கேனர். ஏபிஎஸ் கம்ப்யூட்டர் பேசுது, என்ஜின் ஈசியூ மட்டும் பேசல. வண்டி ஆறினதும் பேச ஆரம்பிச்சது. அப்போ பொட்டி மேல மட்டும் ஹேர் டிரையரைக் காட்டினார். ஒரு நிமிஷத்துல ஸ்கேனர் தொடர்பு போச்சு. “இப்ப நம்புறேன். பொட்டிதான்.”

இதுக்கெல்லாம் ஆனது ஒண்ணரை மணி நேரம். அதுக்கு முன்னாடி மூணு பார்ட் மாத்தினதுக்கு நாங்க கொடுத்தது 9 ஆயிரத்துக்கு மேல. நிறைய வண்டிகள்ல ‘மூளை போச்சு’ங்கிறது கடைசியில ஒரு எர்த் வயராவோ ரிலேவாவோ முடியும்னு அவர் சொன்னார். எங்களுது நிஜமாவே பொட்டி. ஆனா அதைத் தெரிஞ்சுக்கிட்டு மாத்துறது வேற, குத்துமதிப்பா மாத்துறது வேற.

மூடியைத் திறந்தார். போர்டு ஓரத்துல பச்சையா பூத்திருந்துச்சு. தண்ணி போன தடம். “வெள்ளத்துல நின்னுச்சா?”ன்னு கேட்டார்.

எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்க வீடு வேளச்சேரி. முந்தின நாள் சாயங்காலம் அப்பா, “வண்டியை மேம்பாலத்துல விட்டுட்டு வந்துடலாமா?”ன்னு கேட்டார். நான்தான், “சும்மா பயப்படாதீங்கப்பா”ன்னேன். காலையில கால் வைக்கிற இடம் வரைக்கும் தண்ணி. எங்க வண்டியில ஈசியூ இருக்கிறது அங்கதான், முன் சீட்டுப் பக்கம் கீழ. மேட் எல்லாம் காயவச்சோம், வண்டி ஓடுச்சு, மறந்துட்டோம். உப்பும் ஈரமும் மறக்கல.

அந்த போர்டு ரிப்பேருக்கு லாயக்கில்ல. ஆனா மெமரி சிப் நல்லா இருந்துச்சு. அதுல இருந்த எல்லாத்தையும் படிச்சு, நான் வாங்கின பழைய பொட்டிக்குள்ள எழுதினார். குளோனிங். சாவியும் அதே, இன்ஜெக்டர் கோடும் அதே. 6 ஆயிரம் கூலி. பொட்டியோட சேர்த்து 20 ஆயிரம். முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆச்சு.

நீங்க பழைய வண்டி வச்சிருந்தா நாலு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒண்ணு, செத்த ஈசியூவைத் தூக்கிப் போடாதீங்க, எக்ஸ்சேஞ்சுலயும் உடனே கொடுத்துடாதீங்க. உங்க வண்டியோட அடையாளம் அதுலதான் இருக்கு. ரெண்டு, பழசு வாங்கினா லேபிள்ல ஹார்டுவேர் நம்பர், சாஃப்ட்வேர் நம்பர் ரெண்டும் பொருந்தணும். பில்லும் கேளுங்க, திருட்டுச் சாமானா இருந்தா தலைவலி உங்களுக்குத்தான். மூணு, கப்ளரைக் கழட்டுறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டுங்க. நாலு, வெள்ளத்துல நின்ன வண்டின்னா, ஓடுதேன்னு விட்டுடாதீங்க. உள்ள தண்ணி புகுந்த உயரத்துக்குக் கீழ இருக்கிற ஒவ்வொரு கப்ளரையும் பிரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க.

செலவு பண்றதுக்கு முன்னாடி இன்னொரு கணக்கும் இருக்கு. 15 வருஷம் முடிஞ்சா ஆர்சியைப் புதுப்பிக்கணும். அதையும் சேர்த்துப் பாத்து முடிவு பண்ணுங்க. நாங்க பாத்தோம். வச்சுக்கிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் பச்சை பூத்த அந்தப் பொட்டியை அப்பாகிட்ட காட்டினேன். மேம்பாலத்தைப் பத்தி அவர் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா பரவாயில்லன்னு இருந்துச்சு. நானே சொன்னேன், “நீங்க சொன்னது சரிப்பா.” “சரி விடு”ன்னார்.

அந்த அக்டோபர்ல கனமழை எச்சரிக்கை வந்தப்போ, வேளச்சேரி மேம்பாலத்துல கார் வரிசைகட்டி நின்ன போட்டோவை எல்லாரும் பாத்திருப்பீங்க. மீம்ஸும் போட்டிருப்பீங்க. அந்த வரிசையில எங்க வண்டியும் இருந்துச்சு. அப்பா கேக்குறதுக்கு முன்னாடியே சாவியை எடுத்தது நான்தான்.

இந்த எபிசோடை, வீட்ல பழைய வண்டி வச்சிருக்கிற ஒருத்தருக்காவது அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.