ரீசெட் பொத்தானில் கை வைக்கும் முன்...

(அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நம்மில் பலர் வீட்டில் வைஃபை பாஸ்வேர்டைப் போட்டவர் இன்று ஊரிலேயே இல்லை. மகன் போட்டிருப்பார், அவர் சவூதியிலோ துபாயிலோ இருப்பார். புது போன் வாங்கினால் அது பாஸ்வேர்டு கேட்கும். யாருக்கும் நினைவிருக்காது. உடனே ஒருவர் ரவுட்டரின் சின்னத் துளைக்குள் குண்டூசியை விட்டு அழுத்துவார்.

இந்தத் தவறை நாங்களே செய்தோம். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைப் பதிவு செய்யக் கடைசி இரண்டு நாட்கள். அலுவலகத்துக்கு வந்த புது லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டது. ரீசெட்டை 10 நொடி அழுத்தினோம். பாஸ்வேர்டு மட்டும்தான் போகும் என்று நினைத்தோம், இணைப்பே போய்விட்டது. நிறுவனம் நமக்குத் தந்த யூசர் பெயரும் ரகசிய எழுத்தும் அந்த ரவுட்டருக்குள்தான் இருந்தன. அவையும் அழிந்துவிட்டன. நம் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை: சூளையில் வெந்த பீங்கான் திரும்பக் களிமண் ஆகாது. ஆள் வந்து சரிசெய்யும்வரை தாய்மார்கள் பிள்ளைகளோடு பிரவுசிங் சென்டர் வாசலில் காத்திருந்தார்கள். விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்தன, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் அவர்கள் பட்ட சிரமத்துக்கு நாங்களே காரணம்.

இத்தனைக்கும் அந்தப் பாஸ்வேர்டு அலுவலகத்திலேயே இருந்தது. ஏற்கெனவே வைஃபையில் இருக்கும் ஒவ்வொரு போனும் அதை நினைவில் வைத்திருக்கிறது. ஆகவே வரிசையாகப் பாருங்கள்.

முதலில் ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கர். பாஸ்வேர்டை யாரும் மாற்றாமலிருந்தால் அதில் இருப்பதே போதும்.

இரண்டாவது, இணைப்பில் இருக்கும் போன். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், செட்டிங்ஸில் வைஃபை பெயரைத் தொட்டு 'ஷேர்' கொடுங்கள். போனின் பின் நம்பரையோ கைரேகையையோ கேட்கும். பிறகு ஒரு கியூஆர் கட்டம் வரும். புது போனில் அதை ஸ்கேன் செய்தால் முடிந்தது. பல போன்களில் கட்டத்தின் கீழேயே பாஸ்வேர்டும் எழுத்தில் தெரியும். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல், வைஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள 'ஐ' குறியைத் தொட்டால் பாஸ்வேர்டு வரி இருக்கும்.

மூன்றாவது, கம்ப்யூட்டர். விண்டோஸில் வைஃபையின் 'வயர்லெஸ் பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'செக்யூரிட்டி' பகுதியில் 'ஷோ கேரக்டர்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள்.

எதிலும் இணைப்பு இல்லையா? ரவுட்டரிலிருந்து ஒரு லேன் வயரை கம்ப்யூட்டரில் செருகி, பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். பல ரவுட்டர்களுக்கு இதுவே முகவரி. வேறாக இருந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே நுழையக் கேட்கும் அட்மின் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதுவும் முடியாவிட்டால் இணைப்பு கொடுத்தவருக்கு போன் செய்து கேட்டுவிட்டு, அதன் பிறகே ரீசெட்.

"இந்தத் தொல்லையே வேண்டாம், பாஸ்வேர்டு இல்லாமல் விட்டுவிடலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டாம். 2008 ஜூலையில், அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபை வழியாக அது போயிருந்தது. அனுப்பியது அவர் அல்ல; ஆனாலும் போலீஸ் முதலில் வந்து நின்றது அவர் வீட்டு வாசலில்தான். திறந்து கிடக்கும் வைஃபை, திறந்து கிடக்கும் வீடு போலத்தான்.

பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து இருக்க வேண்டும். போன் நம்பரையும் பிள்ளை பெயரையும் வைக்காதீர்கள். அதை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு மட்டும் தெரிந்தால் போதாது; வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் தெரிய வேண்டும். இன்றிரவே இணைப்பில் இருக்கும் ஒரு போனை எடுத்துப் பாருங்கள். முடியாதவர்கள் அந்த போனோடு அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகள் எடுத்துத் தருவார்கள்.

வஸ்ஸலாம்.